கொற்றவேலனுக்கு இரண்டு தாய்

போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு கைத்தறிச் சேலை வாங்கி வந்து காட்டினாள். மடிப்பு உடையாத புதுச்சேலை. கரையைப் புகழ்ந்து, நிறத்தைப் புகழ்ந்து, நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்க வேண்டிய நான் அதைத் தூக்கி மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எழுபத்தைந்து தாண்டிய மனுசி அடுத்த வீட்டுச் சேலையை மோந்து பார்த்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? புதுச்சேலையின் கஞ்சி வாசம் பட்டால் எனக்கு ஒரு ராசகுமாரன் குதிரையில் வந்துவிடுவான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம். நீங்களும் ஏதோ ஒரு வயதில் ஏதோ ஒரு தொடர்கதைக்குப் பைத்தியமாக இருந்தவராகத்தான் இருப்பீர்கள்.

அவன் பெயர் கொற்றவேலன். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், சென்னையிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையில் அவன் இரண்டு வருடத்துக்கு மேல் குதிரை ஓட்டினான். அந்தப் பத்திரிகை கப்பல் ஏறி, ரயில் ஏறி, எங்கள் கிழக்குக் கரையில் ஏறாவூர் ஸ்டேஷனில் இறங்கும். அங்கிருந்து வந்தாறுமூலையைத் தாண்டி எங்கள் ஊருக்கு அதைக் கொண்டுவருபவர் மீராலெப்பைக் காக்கா. ஏறாவூர் முஸ்லிம், சேலை வியாபாரி; காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். ஒற்றை மாட்டு வண்டியில் சனிக்கிழமை தோறும் வருவார். தாள் கசங்கக் கூடாதென்று பத்திரிகையைச் சேலைகளுக்கு நடுவே வைத்துத்தான் கட்டுவார். அதனால் கொற்றவேலன் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கஞ்சி வாசத்தோடுதான் வந்தான். தாள் தட்டுப்பாட்டில் பத்திரிகை மாதத்துக்கு மாதம் மெலிந்தது. சில கிழமை ரயிலே வராது. வந்த கிழமைகளில் அவன் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்துவிடுவான்.

வீரன்தான், மறுக்கவில்லை. பத்துப் பேரை ஒரு கையால் சமாளிப்பான். ஆனால் அவனைப் போல ஒரு மடையனை நான் அதற்குப் பிறகு எந்தக் கதையிலும் பார்க்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசிய கிழவன் எவன் வந்து கண்ணீர் விட்டாலும் நம்பிவிடுவான். அந்தக் கிழவன் அடுத்த இதழில் தாடியைக் கழற்றுவான். ஒரே பௌர்ணமிக்கு நாலு பேரிடம் "வருகிறேன்" என்று வாக்குக் கொடுப்பான்; நாலு பேரிடமும் போக மாட்டான். அவனுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராயிருந்த தோழன் ஒருவனை மலைக்குகையில் எதிரிகள் அடைத்தார்கள். "உடனே வந்து மீட்பேன் நண்பா" என்று வெளியே நின்று முழங்கிவிட்டுப் போனவன் பதினொரு கிழமையாக அந்தப் பக்கம் திரும்பவில்லை. எழுதியவருக்கே மறந்துபோயிருக்க வேண்டும். எங்கள் அம்மாவுக்கு மறக்கவில்லை.

"அந்தப் பொடியன் இன்னும் குகைக்குள்ளயா கா?" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பா. "தண்ணி வென்னியாவது குடுப்பானுகளா?"

அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அப்பா வேளாண்மைக் காலத்தில் வயல் வட்டைக்குப் போனால் அங்குள்ள வாடிக் குடிசையிலேயே தங்கிவிடுவார். வீட்டில் அம்மா வைத்ததே சட்டம். வீடும் அம்மாவின் சீதன வீடு. எனக்கு வயது பத்தொன்பது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கும் புது டீச்சர். ஆகவே உரக்க வாசிக்கும் பொறுப்பு என் தலையில். காக்கா சேலை மூட்டையை முற்றத்தில் பிரித்து வைப்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்து பிரட்டுவார்கள். அந்த இடைவெளியில் நான் பத்திரிகையைப் பறித்துக்கொண்டு அடுப்படிக்குப் பின்னால் போய் அவசர அவசரமாக ஒரு தரம் விழுங்கிவிடுவேன். பிறகு நல்ல பிள்ளை மாதிரி வந்து, ஒன்றும் தெரியாதவள் போல, முதல் வரியிலிருந்து வாசிப்பேன். அம்மா பாக்குச் சீவியபடி கேட்பா. என் தங்கை தவம் மடியில் படுத்துக் கேட்பாள். காக்காவும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்பார். அவர் வண்டியில் வரும்போதே எழுத்துக் கூட்டி வாசித்து முடித்திருப்பார். ஆனாலும் "புள்ள வாசிச்சாத்தான் அது கதை" என்று இருந்து கேட்டுவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார்.

எல்லோரும் கொற்றவேலனைத் திட்டுவோம். திட்டிக்கொண்டே அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருப்போம். நான் மட்டும் திட்டும்போது கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் சிவலிங்கம் மாஸ்டர்.

மேல் வகுப்புக்குப் படிப்பித்தவர். அவரும் அந்தத் தொடர்கதையின் அடிமை. இடைவேளையில் கிணற்றடியில் நின்று ஆரம்பித்த பேச்சு, கொற்றவேலன் செய்தது சரியா பிழையா என்பதில் தொடங்கி, எங்கெங்கோ போனது. "வீரனுக்கு ஒரு குறை இருக்கத்தான் வேணும் டீச்சர், இல்லாட்டி அவன் சிலை" என்பார். எனக்கு அது பெரிய தத்துவமாகப் பட்டது. என் குடையை வாங்கிக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை. குடையைத்தான் சொல்கிறேன். அம்மாவிடம் வந்து பேசுவதாகச் சொன்னார். தைப்பூசம் கழியட்டும் என்றார். அறுவடை கழியட்டும் என்றார். வைகாசி கழியட்டும் என்றார். பௌர்ணமிக்கு வருவதாக வாக்குக் கொடுப்பவனும் இவரும் ஒரே அச்சுத்தான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. குறையுள்ள ஆளை விரும்புவதே என் குணமாயிருந்தது. அதை நான் பெருமையாகவும் நினைத்தேன்.

ஆனால் எங்கள் விஷயத்தில் உண்மையான தடை வேறு. எங்கள் பக்கத்துக் குடி முறை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். குடி தாய்வழியில் வருவது. அம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் நாலு ஊர் தள்ளியிருந்தாலும், ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிராவிட்டாலும், அண்ணன் தங்கைதான். கட்ட முடியாது. ஏறாவூர் முஸ்லிம் ஆட்களுக்கும் அதே கணக்குத்தான். காக்காவும் குடி பார்த்து மகளைக் கொடுத்தவர். கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் திருவிழா உண்டு. சித்தாண்டியில் எங்கள் குடித் திருவிழாவன்று, சுவாமிக்கு முன்னால் எங்கள் குடி ஆண்களோடு ஆண்களாக நெஞ்சில் சந்தனம் பூசிக்கொண்டு சிவலிங்கம் மாஸ்டர் நின்றதை நான் கண்டேன். அவரும் என்னைக் கண்டார். எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றாத ஒரே கேள்விக்கு அன்றைக்கு விடை கிடைத்துவிட்டது. என்ன குடி என்று இங்கே எழுத மாட்டேன். ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அழுதேன். பிறகு திட்டம் போட்டேன். அம்மாவுக்குக் கொற்றவேலன் மேல் எவ்வளவு கோபமோ, அவன் காதலி வெண்காந்தள் மேல் அவ்வளவு இரக்கம். "இதுகள் ரெண்டையும் எப்ப சேர்த்து வைக்கப்போறான் எழுதுறவன்?" என்று ஏங்குவா. கதையில் கலியாணம் நடக்கும் நாளில் அம்மாவின் மனம் இளகியிருக்கும், அந்தச் சூட்டோடு சூடாக என் விஷயத்தைச் சொல்லி, "உறவே இல்லை அம்மா, பெயருக்குத்தான் ஒரு குடி" என்று காலில் விழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு தொடர்கதையை நம்பி வாழ்க்கையை ஒப்படைத்த ஒரே பைத்தியக்காரி நான்தானோ, தெரியாது. அந்தக் கலியாணம் எனக்கு அவ்வளவு தேவையாயிருந்தது.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. அடுப்படிக்குப் பின்னால் நின்று வாசித்தேன். வெண்காந்தளின் பாட்டி கொற்றவேலனின் தோளிலிருந்த மச்சத்தைக் கண்டு கதறுகிறாள்: "என் தங்கை பெற்ற மகனல்லவா நீ! என் மகளுக்குத் தம்பி! என் பேத்திக்குத் தாய்மாமன்! முறை மாப்பிள்ளை முறையைத் தேடி வந்துவிட்டானே!" உடனே கோட்டை முழுவதும் முரசு முழங்குகிறது. அங்கே அக்காள் மகளைக் கட்டுவது கொண்டாட்டம். எழுதியவர் வாசகர்களுக்கு ஒரு கரும்பைக் கொடுப்பதாக நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் தாய்மாமன் என்றால் தகப்பனுக்குச் சமம். அதே குடி, அதே இரத்தம். இதை வாசித்தால் அம்மா பாக்குவெட்டியை எறிந்துவிட்டுப் பத்திரிகையை அடுப்பில் வைப்பா. அதோடு என் கலியாணமும் எரியும்.

முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த இடம் வந்தது. "என் தங்கை வளர்த்த மகனல்லவா நீ!" என்று வாசித்தேன். மாமன், மாப்பிள்ளை எல்லாவற்றையும் தாண்டிக் குதித்து முரசுக்குப் போய்விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் காக்காவின் தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நிற்கிறது. அவர் அதே பக்கத்தை வண்டியில் வாசித்தவர். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஒரு இருமல் இருமினார்.

"வளர்த்தவள் அவ எண்டால் பெத்தவ யாரு?" என்று அம்மா கேட்டா.

"அது... அடுத்த கிழமை வரும் அம்மா."

மாட்டைப் பூட்டும்போது காக்கா என்னைக் கூப்பிட்டார். "எழுதினவன் ஒண்டு எழுதியிருக்கான், நீ ஒண்டு வாசிக்காய். ரெண்டிலயும் உன்டதான் நல்லம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா புள்ள, உங்கட அம்மாவை லேசா நினைக்காத" என்றார்.

அடுத்த கிழமைக்குள் நான் ஒரு தாயைப் பெற வேண்டியிருந்தது. பெற்றேன். ஆற்றங்கரையில் ஓடம் ஓட்டும் ஒரு பெண். வறுமையில் பிள்ளையை ஒரு கூடையில் வைத்துக் கோட்டை வாசலில் விட்டவள். தாளில் ஒரு வரியும் இல்லாமல் அவளை நான் பேச வைத்தேன். மகன் முகம் தெரியாமல் அவளுடைய ஓடத்திலேயே ஏறுகிறான். அவள் அவனை ஏசுகிறாள்: குதிரைக்குத் தண்ணீர் வைத்தாயா, சாப்பிட்டாயா, பௌர்ணமி பௌர்ணமி என்று எத்தனை பேரை ஏமாற்றுவாய், குகைக்குள் ஒருவனைப் போட்டுவிட்டு உனக்கு எப்படி நித்திரை வருகிறது என்று. முற்றம் குலுங்கிச் சிரித்தது. அம்மா வாயில் வெற்றிலையோடு சிரித்துப் புரையேறிக்கொண்டா. அதிலிருந்து பிடித்தது சனி. ஒவ்வொரு கிழமையும் முதல் கேள்வி, "ஓடக்காரி வந்தாளா?" பத்திரிகைக்காரர் எழுதியதை வாசித்து முடித்துவிட்டு ஓடக்காரிக்கு நான் சொந்தமாக ஒரு அத்தியாயம் கட்ட வேண்டும். கிழமை முழுவதும் கரும்பலகைக்கு முன்னால் நின்று அவள் பேச்சை யோசித்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் அந்த மாதம் ஒன்றும் படிக்கவில்லை. பெற்றோர் மன்னிக்க வேண்டும்.

நாலாம் கிழமை என்னால் முடியவில்லை. இன்னும் இரண்டு இதழில் கலியாணம் என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்துவிட்டது. கலியாணப் பந்தலில் ஓடக்காரியை நான் எங்கே உட்கார வைப்பது? ஆகவே வெள்ளத்தில் ஓடத்தைக் கவிழ்த்து அவளைக் கொன்றேன். தவம் ஏங்கி ஏங்கி அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். காக்கா தலையைக் குனிந்துகொண்டு தொப்பியைச் சரிசெய்தார். அம்மா மட்டும் அழவில்லை. பாக்கு உரலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா.

எல்லோரும் போன பிறகு அடுப்படியில் என்னைக் கூப்பிட்டா. மீன் கழுவிக்கொண்டிருந்தா, கையை நிறுத்தவில்லை.

"அந்த ஓடக்காரி புத்தகத்தில இல்லத்தானே?"

நான் அடுப்பை ஊதத் தொடங்கினேன்.

"எழுதுறவன் மதராசில இருந்து எழுதுறான். மத்த ஆக்கள் எல்லாம் கூத்துக் கொட்டகையில கதைக்கிற மாதிரிக் கதைக்காங்க. இவள் மட்டும் நான் ஏசுற மாதிரி ஏசுறாள். அப்பாவை நான் என்ன சொல்லி ஏசுவனோ, அதையே சொல்றாள். என்னைக் கொண்டுபோய் ஓடத்தில வைச்சு, மறுகா வெள்ளத்தில தள்ளி விட்டுட்டாய்." சிரித்தா. உண்மையாகவே சிரித்தா. பிறகு மீனைச் சட்டியில் போட்டா. "அவன்ட தாயை ஏன் மாத்தினாய்? ஒரு குடி எண்டு வந்துட்டுதா?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"பள்ளிக்கூடத்து மாஸ்டர்ட கதை எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியா? அவன்ட தாயும் நானும் திருவிழாவுக்கு ஒரே உரல்ல மா இடிக்கிற ஆக்கள். கதையில தாயை மாத்திப் போடலாம் புள்ள. உனக்கு என்னெண்டு மாத்துவாய்? உனக்கு நான்தானே கா தாய்."

நான் கெஞ்சினேன், கத்தினேன், சாப்பிடாமல் இருந்தேன். கொற்றவேலன் செய்த எல்லா அசட்டுத்தனத்தையும் ஒன்றும் விடாமல் செய்தேன். அம்மா ஏசவில்லை, அடிக்கவில்லை, ஊரைக் கூட்டவில்லை. சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து வாயருகில் நீட்டினா, அவ்வளவுதான். அவவுடைய கண்ணும் வீங்கித்தான் இருந்தது. "ஒண்ணா", முடியாது என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு பேச்சு வரவில்லை.

சிவலிங்கம் மாஸ்டர் வந்து பேசுவார் என்று ஒரு மாதம் பார்த்தேன். வாறன் என்றுதான் சொல்லி அனுப்பினார். பிறகு மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நாலு பக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. அதில் கடமை என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. அந்த வயதில் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதேன். இன்றைக்கு நினைத்தால், கொற்றவேலனுக்கு வசனம் எழுதியவரை வைத்து எழுதுவித்தாரோ என்று சந்தேகம் வருகிறது. குடை பற்றி ஒரு வரியும் இல்லை.

ரயில் தவறிப் பிந்திக் கடைசி இதழ் வந்தபோது நான் வாசிக்க மாட்டேன் என்றேன். "வாசி. எழுதியிருக்கிறதை வாசி" என்றா அம்மா. வாசித்தேன். தாய்மாமன், அக்காள் மகள், முறை மாப்பிள்ளை, முரசு, பந்தல், பூமாரி எல்லாவற்றையும் ஒரு எழுத்து மாற்றாமல் வாசித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா முழுவதையும் கேட்டா.

"அது அவங்கட ஊர் முறை. சேர்ந்துட்டுதுகள்தானே, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டா.

என் முகத்தைப் பார்ப்பா என்று பார்த்தேன். பார்க்கவில்லை. அம்மாவை நான் எவ்வளவு நேசித்தேனோ அவ்வளவு வெறுத்த நாள் அது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு வருடம் கழித்து, குடி பார்த்து, எனக்குக் கலியாணம் நடந்தது. நல்ல மனிதர். கதைப் புத்தகமே தொட மாட்டார், குடை இரவல் வாங்க மாட்டார். அவரோடு நாற்பது வருடம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதைச் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். காக்கா நிறைய வருடம் வந்து போனார். தொடர்கதைகளும் வந்துகொண்டே இருந்தன. பிறகு வந்த கலவரக் காலத்தில் அந்தப் பாதையில் போய் வரவே எல்லோருக்கும் பயமாகிப் போனது. அவருடைய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் வாசலில் மாட்டு மணி கேட்காதது எனக்கு வெகு காலத்துக்குப் பெரிய குறையாயிருந்தது.

போன மாதம் தவத்தின் மகளுடைய மகளுக்குச் சம்பந்தம் பேசப் போனோம். பெடியனும் பெட்டையும் ஏற்கனவே பேசி முடித்த சம்பந்தம்; எங்கள் வேலை பலகாரம் சாப்பிடுவது மட்டும். என்ன வேலை, எந்த நாட்டில் விசா, வீட்டைப் புதுக்குவதா இடித்துக் கட்டுவதா என்று எல்லாம் பேசினார்கள். குடி என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. எனக்குத்தான் பழக்கம் விடவில்லை. பெடியனின் தாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், சும்மா கதையோடு கதையாக அவளிடம், "உங்கட அம்மா எந்தப் பக்கம் மனே? சித்தாண்டியில எந்த நாள் திருவிழாவுக்குப் போவீங்க?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே நாளைச் சொன்னாள்.

எங்கள் நாள்.

தவத்தைப் பார்த்தேன். அவளுக்குக் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் இரண்டும் அண்ணன் தங்கை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. ஒரு சொல் போதும். ஒரு காலத்தில் அந்த ஒரு சொல் என் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. அதை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா கேட்டால் என்ன சொல்லுவா என்று ஒரு பக்கம். எனக்குச் செய்ததை இவர்களுக்கும் செய்தால்தானே நியாயம் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்னொரு பக்கம்.

"பெரியம்மா, நீங்க ஒண்டும் சொல்லல்லியே. சம்மதம்தானே?" என்று பெண்ணின் தாய் கேட்டாள்.

"ஓம் மனே, நல்ல இடம்" என்றேன்.

இப்போது எங்கள் குடும்பத்தில் குடி கேட்க யாரும் இல்லை. கேட்கத் தெரிந்த கடைசி ஆள் நான். நானும் கேட்டுவிட்டுப் பொய் சொன்னேன்.